மதலைமுத்துவை மிரட்டியவர்கள்

சவுத் பரேடில் வெள்ளைக்காரர்கள் இருந்த காலத்திலிருந்து நடந்துவந்த பெல்லிங்காம் தையற்கடையில் மதலைமுத்து துணி வெட்டும் கட்டராக இருந்தார். பெல்லிங்காம் துரை நாற்பத்தேழில் கப்பலேறிவிட்டார். கடையை வாங்கிய வெங்கடகிருஷ்ண முதலியார் பெயர்ப் பலகையையும் மாற்றவில்லை, மதலைமுத்துவையும் மாற்றவில்லை. பெங்களூரில் கோட்டு போடுகிற பெரிய மனிதர்களின் தோளும் மார்பும் மதலைமுத்துவின் கைக்கு மனப்பாடம். மேசையில் துணியை விரித்துச் சாக்குக்கட்டியால் கோடு இழுத்துக் கத்தரியை வைத்தாரானால் மறுபடி யோசிக்க மாட்டார்.

கோட்டு, கால்சட்டை தவிர அந்தக் கடைக்கு இன்னொரு வேலையும் வரும். லாட்ஜ் என்கிற ரகசியச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் சடங்குக்கு இடுப்பில் கட்டிக்கொள்ளும் வெள்ளைத் தோல் ஏப்ரன்களுக்கு ஓரப்பட்டி பிய்ந்துபோனாலோ நாடா அறுந்துபோனாலோ ரிப்பேருக்கு இங்கேதான் அனுப்புவார்கள். ஒவ்வொன்றும் தனித்தனித் தோல்பெட்டியில் வரும். பெட்டிமேல் சொந்தக்காரரின் பெயர் பொறித்திருக்கும். ஏப்ரன்மேல் மூலைமட்டமும் கவராயமும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருப்பதுபோல ஒரு சின்னம். மதலைமுத்து அவற்றைத் தொடும்போதெல்லாம் மனசுக்குள் மாதாவுக்கு ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லிக்கொள்வார். கத்தோலிக்கன் எவனாவது அந்தக் கூட்டத்தில் சேர்ந்தால் அவனுக்குப் பூசையில் நற்கருணை கிடையாது, கல்லறையில் இடமும் கிடையாது என்று கோயிலில் சாமியார் பிரசங்கம் வைத்ததை அவர் கேட்டிருந்தார்.

லாட்ஜ் கட்டடத்தைக் கன்டோன்மென்ட் ஜனங்கள் தலைவெட்டிக் கோயில் என்றுதான் சொல்வார்கள். உள்ளே ஒரு வெட்டுண்ட தலை இருக்கிறது, புதிதாகச் சேருகிறவன் அதன்மேல் கை வைத்துச் சத்தியம் பண்ண வேண்டும் என்பது பேச்சு. ரிப்பேர் ஆன பெட்டிகளைக் கொடுக்க மதலைமுத்து அங்கே போயிருக்கிறார். காவல்காரன் வாசலிலேயே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுவான். ஒருதரம் மட்டும் இடுக்கு வழியாகக் கறுப்பும் வெள்ளையுமாய்க் கட்டம் போட்ட தரை தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. அந்த ஒன்றும் தெரியாததுதான் அவரை வீடுவரைக்கும் துரத்தியது.

ஐம்பத்துநாலாம் வருஷம் ஆகஸ்ட் கடைசியில், மாதா திருநாளுக்குக் கொடியேற்றச் சில நாள் இருக்கும்போது, மதலைமுத்து சாயங்காலம் கடை விட்டு சைக்கிளில் காக்ஸ் டவுனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். மழை நின்று ரோடு பளபளத்தது. விளக்கு வைக்கும் நேரம். அவருக்கு முன்னால் மைக்கேல்ராஜ் போய்க்கொண்டிருந்தான். டெலிபோன் இலாகாவில் லைன்மேன், அதே தெருக்காரன், கோயிலில் பாட்டுக்கு ஹார்மோனியம் வாசிப்பவன். கூப்பிட்டு நிறுத்திப் பேசலாமா என்று மதலைமுத்து நினைத்த அதே நேரத்தில் எதிரே ஒரு ஜட்கா வண்டி வந்தது. அதைத் தாண்டிக்கொண்டு, விளக்கு போடாமல், ஒரு சாம்பல் நிறக் கார் இந்தப் பக்கத்துக்கே வந்துவிட்டது. பிரேக் சத்தமே இல்லை. மைக்கேல்ராஜின் சைக்கிள் வேலிக்கு மேலே பறந்ததை மதலைமுத்து பார்த்தார்.

காரிலிருந்து இறங்கியவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். இருட்டிக்கொண்டு வந்தாலும் மதலைமுத்துவுக்கு ஆள் தெரிந்தது. ஒரு பக்கம் சற்றுத் தாழ்ந்த அந்தத் தோளுக்கு அவர் எத்தனையோ கோட்டு வெட்டியிருக்கிறார். ஒரு நூல் மில்லின் மேனேஜர் சீனிவாசராகவன். மைக்கேல்ராஜை ஜட்காவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போகிற வழியிலேயே மதலைமுத்துவின் மடியில் அவன் உயிர் போய்விட்டது.

போலீஸ் ஸ்டேஷனில் மதலைமுத்து பார்த்ததைப் பார்த்தபடியே சொன்னார். கார் தப்பான பக்கம் வந்தது, விளக்கு இல்லை, ஓட்டினவர் இன்னார். சொல்லும்போது அவருக்குப் பயமே இல்லை. கோபம்தான் இருந்தது. ஜட்காக்காரன் குதிரையைப் பிடித்துக்கொண்டிருந்ததால் எதையும் பார்க்கவில்லை என்றான். சைக்கிள்காரன் சறுக்கிக்கொண்டு நடுரோட்டுக்கு வந்துவிட்டான் என்றார் சீனிவாசராகவன். ஆக, நடந்ததைப் பார்த்த சாட்சி மதலைமுத்து ஒருவர்தான்.

மைக்கேல்ராஜின் மனைவி நோரா துக்கக் கறுப்பு உடையில் ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். இடுப்பில் ஆண் குழந்தை.

"அண்ணா, எனக்கு யாரையும் ஜெயிலுக்கு அனுப்பணும்னு ஆசையில்ல" என்றாள். "ஆனா எங்க வீட்டுக்காரரு மேலதான் தப்புன்னு எழுதிட்டாங்கன்னா, நாளைக்கு இவன் பெரியவனாயி கேட்டா நான் இன்னா சொல்றது? நீங்க பார்த்ததைச் சொன்னாப் போதும்."

"சொல்றேம்மா. அதுக்கென்ன" என்றார் மதலைமுத்து.

அதற்கப்புறம்தான் பயம் வந்தது. சம்மன் கொண்டுவந்த கான்ஸ்டபிள், போகிற போக்கில், "கஸ்தூரிரங்கன் ஜட்ஜு சாஹேப் கோர்ட்டுப்பா. கரெக்ட் டைமுக்கு வந்துடு" என்று சொல்லிவிட்டுப் போனான். மதலைமுத்து காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். போன ஈஸ்டருக்கு முன்னால் அவர் மேசைமேல் இரண்டு தோல்பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் கஸ்தூரிரங்கன் என்று எழுதியிருந்தது. மற்றதில் சீனிவாசராகவன் என்று எழுதியிருந்தது. இரண்டுக்கும் ஒரே நீலப் பட்டி, ஒரே லாட்ஜ். அவரேதான் தைத்துக் கொடுத்தார்.

மனைவி டோரதியிடம் சொன்னார். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அவங்க ஒருத்தரை ஒருத்தர் விட்டுக் குடுக்க மாட்டாங்களாமே" என்றாள்.

"அப்பிடித்தான் சொல்றாங்க."

"அப்ப நீங்க சொன்னாலும் ஒண்ணும் ஆகப்போறதில்ல. சொன்னதுக்கு நமக்குத்தான் ஏதாவது ஆகும்."

பக்கத்து வீட்டு சில்வெஸ்டர் ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயரானவர். லாட்ஜ் சங்கதி என்றால் அவரைக் கேட்க வேண்டும். அன்று மாலை முருங்கை மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு அவர் சொன்னார். கை குலுக்குவதிலேயே ஒரு கட்டைவிரல் அழுத்தம் இருக்கிறதாம், அதை வைத்தே ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்வார்களாம். கோர்ட்டில் குற்றவாளி ஒரு சைகை காட்டினால் ஜட்ஜு பேனாவைக் கீழே வைத்துவிடுவாராம். ரகசியத்தை மீறினால் தொண்டையை அறுத்துக் கடலோரத்தில் புதைக்க வேண்டும் என்பதுதான் சத்தியமாம்.

"ரெமிஜியஸ்னு எங்க ஸ்டேஷன்ல ஒரு கிளார்க் இருந்தான். ஒரு லாட்ஜ் டாக்டர் மேல புகார் எழுதிப் போட்டான். அதோட சரி. அர்சிக்கரெ, பீரூர்னு ஊர் ஊரா மாத்தித் தூக்கியடிச்சுக்கிட்டே இருந்தாங்க. கடைசில புத்தி பேதலிச்சு வந்து நின்னான்."

"அதைப் பண்ணது லாட்ஜுதான்னு தெரியுமா?" என்று மதலைமுத்து கேட்டார்.

சில்வெஸ்டர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "தெரிஞ்சா அது என்னா ரகசியம்?"

மதலைமுத்து அந்தப் பதிலைச் சுமந்துகொண்டு அலைந்தார். கடையில் வேலை ஓடவில்லை. கல்யாணக் கோட்டு ஒன்றுக்கு இரண்டு கையையும் இடக்கையாகவே வெட்டிவிட்டார். வெங்கடகிருஷ்ண முதலியார் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கோர்ட்டுக்கு வேற போகணுமாமே, மதலை" என்றார்.

"ஆமாங்க."

"பார்த்து நடந்துக்கோ. நம்ம கடைக்கு வர்றவங்கல்லாம் பெரிய மனுஷங்க."

முதலியார் கல்லாவுக்குத் திரும்பிவிட்டார். அவருக்கு இது எப்படித் தெரியும், யார் சொல்லியிருப்பார்கள் என்று மதலைமுத்து யோசித்தார். முதலியாருடைய பெயரில் இதுவரை ஒரு பெட்டியும் மேசைக்கு வந்ததில்லை. ஆனால் சொந்தக் கடையில், தன்னுடைய ஆளிடமே அவர் எதற்கு ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறார்? லீவு கேட்டபோது சம்மன் வந்த சேதியைத் தானே முதலியாரிடம் சொன்னது அவர் ஞாபகத்துக்கு அன்று வரவேயில்லை.

நவம்பரில் சீனிவாசராகவனே கடைக்கு வந்தார். ஒரு கறுப்பு கோட்டுக்கு டிரையல். மதலைமுத்து வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு அவர் முன்னால் மண்டியிட்டார். தவறி ஓர் ஊசி அவர் மணிக்கட்டில் பட்டுவிட்டது. சீனிவாசராகவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் இளைத்திருந்தார்.

"இது முக்கியமான இடத்துக்குப் போட்டுண்டு போறதுக்கு" என்றார். "பார்த்து வெட்டுங்கோ, மதலை. தப்பா வெட்டிட்டா அப்புறம் ஒட்ட முடியாது."

"சரிங்க."

கிளம்பும்போது அவர் கையை நீட்டினார். பெரிய மனிதர்கள் கட்டரின் கையைக் குலுக்கும் வழக்கம் இல்லை. மதலைமுத்து தயங்கித் தயங்கிக் கொடுத்தார். ஈரமாக, சில்லென்று இருந்தது அந்தக் கை. கட்டைவிரல் அவருடைய விரல்முட்டியின்மேல் அழுந்தியது. அழுந்தியதா, சும்மா பட்டதா? அதன்பிறகு அன்று முழுவதும் அவர் அந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

வீட்டில் டோரதியிடம் அதைக் காட்டினார். காட்ட அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் இரண்டு பேரும் விளக்கடியில் வைத்து உற்றுப் பார்த்தார்கள்.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது ஒரு மத்தியானம் டோரதி மார்க்கெட்டிலிருந்து திரும்பியபோது வாசற்கதவின் நிலையில் வெள்ளையாக ஒரு குறி இருந்தது. கூரைபோல இரண்டு கோடு, மேலே சேர்ந்து கீழே அகன்றது. நடுவில் ஒரு சின்னக் குறுக்குக் கோடு. டோரதி பையைக் கீழே போட்டுவிட்டு நேரே கடைக்கு ஓடிவந்தாள். அதுவரை அவள் அந்தக் கடை வாசலை மிதித்ததே இல்லை.

மதலைமுத்து வந்து பார்த்தார். அவர் எத்தனை தரம் தைத்திருக்கிறார் அதை. விரித்து வைத்த கவராயம்.

"உள்ள யார் வந்தது?" என்று மகள்களைக் கேட்டார்.

மூத்தவள் டோரீனுக்குப் பத்து வயது இருக்கும். "யாரோ ரெண்டு பேர் வந்தாங்கப்பா. காக்கிச் சட்டை. பின்பக்கம் ரூம்பெல்லாம் பார்த்தாங்க. கட்டிலுக்கு அடியில கூட."

"கட்டிலுக்கு அடியிலயா?"

"நான் பயந்து தங்கச்சியைக் கூட்டிக்கிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போயிட்டேன்."

டோரதி ஈரத்துணியால் குறியைத் துடைத்தாள். வெள்ளை போனாலும் மரத்தில் சாயல் இருந்தது. தேங்காய் நாரால் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே அழுதாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் இரண்டு பெண்களையும் வைட்ஃபீல்டில் இருந்த அவள் அக்கா வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். பஸ் கிளம்பும்போது டோரீன், "என்னா தப்பு பண்ணோம்?" என்று ஜன்னலிலிருந்து கேட்டாள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் குடில் கட்டவில்லை. நடுச்சாமப் பூசைக்கும் போகவில்லை. கோயிலில் நோராவைப் பார்க்க நேரும் என்பதுதான் காரணம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"மைக்கேல்ராஜு திரும்பி வரப்போறதில்ல" என்றாள் டோரதி. "நம்ம பிள்ளைங்க இருக்குங்க."

மதலைமுத்து தலையை ஆட்டினார். அன்று முடிவாகிவிட்டது.

ஜனவரியில் கேஸ் விசாரணைக்கு வந்தது. மதலைமுத்து கோர்ட்டு வராந்தாவில் காத்திருந்தபோது கேஸை நடத்தும் போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்து, "கஸ்தூரிரங்கன் சாஹேப் இதை விசாரிக்கலை. எனக்குத் தெரிஞ்சவர் கேஸ், நான் எடுக்கக் கூடாதுன்னு அவரே எழுதிட்டார். வேற மாஜிஸ்ட்ரேட்" என்றார்.

ஒரு நொடி மதலைமுத்துவின் நெஞ்சு லேசாயிற்று. உடனே சில்வெஸ்டரின் குரல் கேட்டது. வெளியே தெரியக்கூடாது என்றுதானே மாற்றியிருப்பார்கள்? இல்லாவிட்டால் கைக்கு வந்த கேஸை எந்த ஜட்ஜாவது விடுவாரா? இவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்களோ.

புதிய மாஜிஸ்ட்ரேட் மைசூர்ப் பக்கத்துக்காரர், வயதானவர், கடுகடுத்த முகம். சீனிவாசராகவன் அந்தக் கறுப்பு கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். தோள் அளவு கச்சிதமாக இருந்தது. பெஞ்சின் ஓரத்தில் நோரா, மடியில் குழந்தையோடு. மதலைமுத்து கூண்டில் ஏறி, பொய் சொல்ல மாட்டேன் என்று கடவுள்மேல் ஆணையிட்டார்.

அப்போது மாஜிஸ்ட்ரேட் பேனாவைக் கீழே வைத்தார். வலது கையின் விரல்களைக் கட்டைவிரல்மேல் மடக்கி, மெதுவாக அழுத்தி, விரித்தார். மறுபடியும் அதேபோல மடக்கி அழுத்தினார்.

மதலைமுத்துவுக்குச் சில்வெஸ்டர் சொன்ன சைகை ஞாபகம் வந்தது. சீனிவாசராகவன் பக்கம் பார்த்தார். அவரும் கையைக் கோட்டின் மார்பில் வைத்திருந்தார்.

"அன்னைக்கு நீங்க என்ன பார்த்தீங்க?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"ஒண்ணும் பார்க்கலைங்க. சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பார்த்தேன். அதுக்குள்ள விழுந்திருந்தாரு."

"கார் எந்தப் பக்கம் வந்தது?"

"தெரியாதுங்க."

"ஸ்டேஷன்ல நீங்க வேற மாதிரி சொல்லியிருக்கீங்க."

"நான் அப்பிடிச் சொல்லலைங்க."

கோர்ட்டில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. மாஜிஸ்ட்ரேட் முன்னால் சாய்ந்தார். கன்னடம் கலந்த தமிழில், அவரே நேராகக் கேட்டார்.

"பயப்பட வேண்டாம். இங்கே உங்களை யாரும் ஒண்ணும் செய்ய முடியாது. யாராவது உங்களை மிரட்டினாங்களா?"

"இல்லைங்க" என்றார் மதலைமுத்து.

அன்று கூண்டில் நின்று அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. அது அவருக்கே தெரியாது.

மாஜிஸ்ட்ரேட் பேனாவைச் சிரமப்பட்டு எடுத்தார். சைக்கிள்காரன் சறுக்கி நடுரோட்டுக்கு வந்ததாகச் சொன்னதை மறுக்கச் சாட்சி இல்லை என்று எழுதிச் சீனிவாசராகவனை விடுவித்தார்கள். நோரா எழுந்து குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தாள். மதலைமுத்துவைக் கடந்துதான் அவள் வெளியே போக வேண்டும். போனாள். குழந்தை மட்டும் அவரைத் திரும்பிப் பார்த்தது.

படிக்கட்டில் சீனிவாசராகவன் அவரைப் பிடித்துக்கொண்டார். முகம் வியர்த்திருந்தது.

"நீங்கதானா அந்தச் சாட்சி?" என்றார். "அன்னிக்கு இருட்டிலே யார் முகமும் எனக்குத் தெரியலை. மதலைமுத்துன்னு பேர் பார்த்தேன். கன்டோன்மென்ட்லே எத்தனையோ மதலைமுத்து இருப்பான்னு விட்டுட்டேன். கூண்டுலே பார்த்தப்புறம்தான்..." நிறுத்திக்கொண்டார். "ஆத்திலே பெட்டியெல்லாம் கட்டி வெச்சுட்டு வந்தேன், இன்னிக்கு என்னை உள்ளே அனுப்பிடுவான்னு. நீங்க ஏன் அப்படிச் சொன்னேள்?"

மதலைமுத்து விறுவிறுவென்று கீழே இறங்கினார். அந்தக் கேள்வியையே அவர் ஒரு தந்திரம் என்றுதான் நினைத்தார். ஆனால் அந்த முகத்தின் வியர்வை தந்திரம்போல இல்லை. சைக்கிளை மிதிக்க மிதிக்க அது அவரைச் சங்கடப்படுத்தியது.

மகள்கள் வைட்ஃபீல்டிலிருந்து திரும்பி வந்தார்கள். மாம்பூ பூக்கும் காலத்தில் கஸ்தூரிரங்கன் ஒரு லினன் கோட்டுக்கு அளவு கொடுக்க வந்தார். நல்ல பேச்சுக்காரர். மதலைமுத்து டேப்பை அவர் மார்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தபோது அவர் முதலியாரோடு கோர்ட்டு வம்பு பேசிக்கொண்டிருந்தார்.

"அந்த சைக்கிள்காரன் கேஸ் கேட்டேளா? பிசுபிசுத்துப் போயிடுத்து. சீனிவாசராகவன் எனக்கு வேண்டியவன்தான். ஆனா தப்பு அவன்மேல. அவனே என்னண்டை அழுதுண்டே ஒத்துண்டான். நான் எடுத்தா ஊர் நாலு விதமாப் பேசும்னு ஒதுங்கிண்டேன். வந்தவரோ நெருப்பு மாதிரி மனுஷர். கையிலே வாதம், பேனா பிடிக்கறதே கஷ்டம், நாள் முழுக்க விரலை மடக்கி மடக்கி நீவிண்டிருப்பார். லாட்ஜ்னா அவருக்குக் கேலி. எங்களை ஆட்டுத்தோல் கூட்டம்னுவார். நிச்சயம் தண்டனை குடுத்திருப்பார். ஒரே ஒரு சாட்சி. அந்த ஆள் கூண்டுலே ஏறிப் புரட்டிட்டானாம்."

டேப் மதலைமுத்துவின் விரலிலிருந்து நழுவியது. குனிந்து எடுத்தார். முதலியார் அவரைப் பார்த்ததும், பார்க்காததுபோல ஜன்னல் பக்கம் திரும்பியதும் தெரிந்தது.

"யாரோ பலமா மிரட்டியிருக்கணும்" என்றார் கஸ்தூரிரங்கன். "இல்லேன்னா ஒருத்தன் அப்படி மாத்திச் சொல்ல மாட்டான். யாராயிருக்கும்னுதான் எனக்குப் புரியலை." கையைத் தூக்கிக் கொடுத்தார். "என்ன மதலை, கை ஐஸ் மாதிரி இருக்கு. ஜுரமா?"

"இல்லைங்க."

அளவை எழுதி முடித்ததும் மதலைமுத்து உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். யார் மிரட்டினார்கள் என்று யோசித்துப் பார்த்தார். முதலியார் சொன்னது கடைப் பெயரை நினைத்துச் சொன்ன சாதாரணப் பேச்சு. சீனிவாசராகவனுடைய சில்லிட்ட கை, அவரைப்போலவே பயந்துபோன ஒருவருடைய கை. தெருவுக்குள் திரும்பியபோது முதல்தடவையாக மற்ற வீட்டுக் கதவு நிலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் அதே வெள்ளைக் குறி மழையில் பாதி அழிந்து இருந்தது. சில்வெஸ்டர் வீட்டிலும் இருந்தது.

"இது என்னாது?" என்று அவரைக் கேட்டார்.

"அதுவா? கொசு மருந்து அடிக்கிறவன் போட்டது. உள்ள பார்த்தாச்சுன்னு அடையாளம். உங்க வீட்டுலயும் போட்டிருப்பானே."

மதலைமுத்து அந்தச் சுவரோரமாகவே உட்கார்ந்துவிட்டார். ஒருவரும் வந்து மிரட்டவில்லை. ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மைக்கேல்ராஜ் தன் தப்பால் செத்தான் என்று எழுதியாகிவிட்டது. எழுதவைத்தது மதலைமுத்துதான்.

டோரதியிடம்கூடச் சொல்லாமல் அவர் அன்றே நோராவின் வீட்டுக்குப் போனார். வெயில் இன்னும் இறங்கவில்லை. அவள் கதவைத் திறந்து, அவரைப் பார்த்து, உள்ளே வரச்சொல்லி வழி விட்டாள். கோபமாக இருப்பாள் என்று எண்ணி வந்தவருக்கு அது என்னவோபோல் இருந்தது. ஸ்டூலை எடுத்துப் போட்டாள்.

"நோராம்மா, நான் அன்னிக்குக் கோர்ட்டுல பொய் சொன்னேன்."

"தெரியும் அண்ணா."

"கார் தப்பான பக்கம்தான் வந்துச்சு. நான் பார்த்தேன். எல்லாத்தையும் பார்த்தேன். இப்ப வக்கீல் வெச்சு மேல போனா, நான் வந்து சொல்றேன். பொய் சாட்சி சொன்னதுக்கு என்னை உள்ள போட்டாலும் போடட்டும்."

நோரா குழந்தையை எடுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு உங்க மேல கோவமில்ல. கோவமாத்தான் இருந்தேன். அப்புறம் எல்லாரும் சொன்னாங்க. உங்க பிள்ளைங்களைத் தூக்கிடுவோம்னாங்களாமே. வீட்டுக்குள்ள வந்து கட்டிலுக்கு அடியிலெல்லாம் பார்த்தாங்களாமே. வாசல்ல குறி போட்டாங்களாமே."

"அது கொசு மருந்துக்காரங்கம்மா."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரும் வரலை" என்றார் மதலைமுத்து. "சத்தியமா யாரும் வரலை. யாரும் ஒரு பேச்சு பேசலை. நானாத்தான் பயந்தேன். அந்த ஜட்ஜு லாட்ஜே கிடையாது. நான் உண்மையைச் சொல்லியிருந்தா தீர்ப்பு நம்ம பக்கம் வந்திருக்கும்."

நோராவின் முகம் வெளுத்தது. அவர் சொன்னதை நம்பிவிட்டாள் என்று ஒரு கணம் அவர் எண்ணினார்.

"இப்பிடிச் சொல்லச் சொல்லி அனுப்புனாங்களா?" என்று அவள் கேட்டாள்.

"யாரு?"

"என்னை வக்கீல்கிட்ட போகச் சொல்லி, நான் என்னா பண்றேன்னு பார்த்துட்டு வரச்சொன்னாங்களா, அண்ணா?" அவள் குரல் நடுங்கியது. "நான் எங்கயும் போகலைன்னு சொல்லிடுங்க. கேஸும் வேணாம், ஒண்ணும் வேணாம். நான் கே.ஜி.எஃப்.க்கு எங்க அண்ணன்கிட்டயே போயிடறேன். எனக்கு இவன் ஒருத்தன்தான்."

"நோராம்மா, நான் சொல்றதைக் கேளு. நான் யாருகிட்டயிருந்தும் வரலை."

"சரிண்ணா."

"என்னை நம்பலையா?"

"நம்பறேன் அண்ணா. நம்பறேன். நீங்க போயிட்டு வாங்க. தெருவுல யாராவது பார்த்தா உங்களுக்கும் கஷ்டம்."

அவர் படியிறங்கினார். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. மேல்தாழ் போடும் சத்தம் கேட்டது, பிறகு கீழ்த்தாழ். அப்புறம் எதையோ கனமாகத் தரையில் இழுத்துக் கதவோடு சேர்த்து வைக்கும் சத்தம். தெருவில் பிள்ளைகள் கோலி விளையாடிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள் குழந்தை அழ ஆரம்பித்தது. உடனே யாரோ அதன் வாயைப் பொத்தியதுபோல அழுகை நின்றது.

மதலைமுத்து மறுபடி கதவைத் தட்டக் கை தூக்கினார். தட்டினால் அவள் இன்னும் பயப்படுவாள் என்று தோன்றியது. கையை இறக்கிக்கொண்டு அங்கேயே சிறிது நேரம் நின்றார். ஜன்னல் இடுக்கில் திரை அசைந்தது. அவர் நிற்பதை அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்ததும், அவசரமாக நடந்தார்.

அந்த வாரக் கடைசியில் நோரா வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டாள். லாட்ஜ்காரர்கள்தான் அவளையும் துரத்திவிட்டார்கள் என்று காக்ஸ் டவுனில் பேசிக்கொண்டார்கள். அப்படியெல்லாம் இல்லை என்று மதலைமுத்து சொன்னபோது, கேட்டவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பரிதாபமாக அவரைப் பார்த்தார்கள்.